கதவு இறங்கும்வரை

ஐந்தாம் மாடி
மார்ச் 3

பார்க்கிங் செயலாளர் அவர்களுக்கு,

ஐயா, என் மகளை உங்கள் மகனுக்குக் கொடுத்த வகையில் உங்களை வேறு விதமாகவும் அழைக்கலாம். இன்று வேண்டாம். இது அலுவல் கடிதம்.

நேற்று மாலை நீங்கள் பேஸ்மென்ட்டுக்குள் காரை ஓட்டிப் போனீர்கள். பின்னாலேயே நான் வந்தேன். என் ரிமோட் வேலை செய்யவில்லை. ஹாரன் அடித்தேன். நீங்கள் கண்ணாடியில் என்னைப் பார்த்தீர்கள். பார்க்கவில்லை என்று சொல்லாதீர்கள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தீர்கள். பிறகு, ஷட்டர் என் மூக்குக்கு முன்னால் தரையைத் தொடும்வரை உள்ளே நிறுத்திக் காத்திருந்துவிட்டுப் போனீர்கள். எனக்குப் பின்னால் நின்ற கார்க்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் வழிவிட்டு நான் ரிவர்ஸ் எடுக்க வேண்டியதாயிற்று.

என் மனைவி இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவளுடைய மாற்றுத்துணியையும் எக்ஸ்ரே படத்தையும் எடுக்கத்தான் வந்தேன். தெருவில் அந்த மரச்சாமான் கடை வாசலில் காரை விட்டுவிட்டு மேலே ஏறினேன். காலையில் பார்த்தால் இடது பக்கக் கண்ணாடியைக் காணோம்.

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில், தாமதமாக வந்த பிள்ளைகளின் முகத்தில் கதவைச் சாத்தியே ஓய்வு பெற்றவர் நீங்கள். பழக்கம் போகுமா? நான் பஸ் டிப்போவில் இருந்தவன். எங்கள் கேட் திறந்துதான் இருக்கும்.

நிற்க. லிஃப்டை ஒட்டிய உங்கள் இடம் எனக்கு வாடகைக்கு இருக்கிறது. மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருக்கும் என் இடம் உங்களுக்கு வாடகைக்கு இருக்கிறது. என் மனைவியால் அதிகம் நடக்க முடியாது என்று மாற்றிக்கொள்ளக் கேட்டபோது, "மாற்றிக்கொள்ள விதியில்லை சம்பந்தி, வாடகைக்கு விடத்தான் விதியுண்டு" என்றீர்கள். மாதம் பிறந்தால் நான் உங்களுக்கு ஓர் உறை கொடுப்பேன். அதே உறையை நீங்கள் எனக்குக் கொடுப்பீர்கள். இருவரும் ரசீது எழுதுவோம். அந்தக் கூத்து போதும். இரண்டு ஒப்பந்தத்தையும் ரத்து செய்கிறேன். உங்கள் இடம் உங்களுக்கு, என் இடம் எனக்கு.

இப்படிக்கு,
ஐந்தாம் மாடி உரிமையாளர்

*

மூன்றாம் மாடி
மார்ச் 4

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கீழே தபால் பெட்டியில் கிடைத்தது. பலமுறை பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவும் சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

முதலில், இன்று சம்பந்தியம்மாவுக்கு ஆபரேஷன். நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். போன் செய்ய நினைத்தேன். நீங்கள் எடுக்காமல் விட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்குமே என்று செய்யவில்லை.

இரண்டாவது, நேற்று முன்தினம் நடந்தது. நடந்தபடி எழுதுகிறேன். எழுதுவதால் என் பக்கம் பலப்படப் போவதில்லை என்று எனக்கே தெரிகிறது.

பேஸ்மென்ட்டில் சைக்கிள்களும் ஒரு கார் பேட்டரியும் திருடு போனபின், உள்ளே வரும் ஒவ்வொருவரும் ஷட்டர் முழுதாக இறங்கும்வரை நின்றுவிட்டுத்தான் போக வேண்டும், பின்னால் வருபவர் தம் ரிமோட்டால்தான் திறந்து வர வேண்டும் என்று அசோசியேஷன் முடிவு செய்தது. வாசகத்தை எழுதியவன் நான். போன வெள்ளிக்கிழமை பழைய ரிமோட்டுகளை எல்லாம் செல்லாததாக்கிப் புதியவை கொடுத்தோம். லிஃப்டில் அறிவிப்பு ஒட்டியிருந்தோம். நீங்கள் அந்த வாரம் முழுதும் ஆஸ்பத்திரியில் இருந்ததால் பார்த்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் புது ரிமோட் என்னிடம்தான் இருக்கிறது. உங்களைப் பார்த்தால் கொடுக்கலாம் என்று சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நீங்கள் ஹாரன் அடித்தபோதும் அது என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் பதிவேட்டில் கையெழுத்து வாங்காமல் கொடுக்கக்கூடாது. பதிவேடு மேலே வீட்டில் இருந்தது. ஆகவே கதவை இறங்கவிட்டு, மேலே போய், பதிவேட்டை எடுத்துவந்து, கையெழுத்து வாங்கி, ரிமோட்டைக் கொடுத்து உங்களை உள்ளே அழைப்பதுதான் முறை என்று அந்த நேரத்தில் தோன்றியது. பதிவேடும் பேனாவுமாக நான் இறங்கி வந்தபோது நீங்கள் போய்விட்டிருந்தீர்கள்.

இதைப் படிக்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஒப்பந்தத்தை மட்டும் ரத்து செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள்,
சம்பந்தி

*

ஐந்தாம் மாடி
மார்ச் 6

பார்க்கிங் செயலாளர் அவர்களுக்கு,

சட்டைப்பையில் ரிமோட்டா! நானாக இருந்தால் அதை எழுதியிருக்க மாட்டேன்.

உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள். தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் வந்து அதட்டும் அளவுக்குச் சிரித்தாள். "பேனாவும் எடுத்துட்டு வந்தாராங்க?" என்று மறுபடி மறுபடி கேட்டாள். நான் சிரிக்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நேற்று மாலை வார்டு வாசலில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீங்கள் நின்றதை அவள் படுக்கையிலிருந்து பார்த்திருக்கிறாள். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று யாரோ சொன்னதும் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டீர்களாம். பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு கல்யாணக் கூட்டமே உட்கார்ந்திருந்தது. அவர்களில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

"பாவம்ங்க அண்ணன். ஓடிப்போய்க் கூப்பிடுங்க" என்றாள்.

"உள்ள வந்தா அவரோட விதி கோவிச்சுக்கும்" என்றேன்.

ரத்து செய்தது செய்ததுதான்.

ஐந்தாம் மாடி உரிமையாளர்

*

மூன்றாம் மாடி
மார்ச் 8

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தியம்மா சிரித்தார்கள் என்பது ஆறுதலாக இருந்தது. வலி அதிகமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் விருப்பப்படி மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருக்கும் உங்கள் இடத்திலிருந்து என் காரை எடுத்துவிட்டேன். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் நான் வைத்திருந்த தகரத்தை அப்படியே விட்டிருக்கிறேன். லிஃப்டுப் பக்கத்து இடத்தில் என் காரை நிறுத்தப் போனேன். நிறுத்த முடியவில்லை. இடம் போதாமல் அல்ல. அங்கே சம்பந்தியம்மா இறங்கும் பக்கத்தில் நீங்கள் சுவரில் அடித்துக்கொடுத்த கைப்பிடிக் கம்பி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் காரை வெளியே எடுத்துவிட்டேன். காலி இடத்தில் மற்றவர்கள் நிறுத்திவிடாமலிருக்க என் வீட்டு மர நாற்காலி ஒன்றை வைத்திருக்கிறேன்.

ஆக, இப்போது உள்ளே நம் இரண்டு இடங்களும் காலி. நம் இரண்டு கார்களும் மரச்சாமான் கடை வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கடைக்காரர் என்னிடம், "உங்க பில்டிங்ல ஏதாவது இடிஞ்சு விழுந்துடுச்சா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஒரு சங்கடம். காலி இடத்தை அதிக நாள் பூட்டி வைக்கக்கூடாது. காத்திருப்போரில் முதலில் இருப்பவருக்கு வாடகைக்குக் கொடுக்க வேண்டும். முதலில் இருப்பவர் ஏழாம் மாடிப் பல் டாக்டர்; இரண்டாவது காருக்காகக் கேட்டிருக்கிறார். நாற்காலியைப் பார்த்துவிட்டு, "எப்ப சார் எடுக்கப் போறீங்க?" என்று லிஃப்டில் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இல்லை என்று சொல்ல வந்தது. சொல்வதற்குள் என் மாடி வந்துவிட்டது.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும். உறைகூட வேண்டாம். அப்படியே நிறுத்திக்கொள்ளுங்கள்.

தங்கள்,
சம்பந்தி

*

ஐந்தாம் மாடி
மார்ச் 10

பார்க்கிங் செயலாளர் அவர்களுக்கு,

இனாமாக நிறுத்தும் அளவுக்கு நான் இன்னும் போகவில்லை. பல் டாக்டருக்கே கொடுங்கள். அவரும் மனிதர்தான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் போன் செய்தார்கள். "மாமா வந்து பாத்தாராப்பா?" என்று என் மகள் கேட்டாள். "வாசல் வரைக்கும் வந்தார்" என்றேன். அது பொய் இல்லை. உங்கள் மகன் உங்களிடம் என்ன கேட்டான், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் அவ்வளவு தூரத்தில் வேலையும் குழந்தையுமாகத் திண்டாடுகிறார்கள். ஒரு ஷட்டருக்காக இங்கே இரண்டு கிழவர்கள் பேசிக்கொள்வதில்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இதில் மட்டும் நீங்களும் என்னோடு ஒத்துப்போவீர்கள் என்று நினைக்கிறேன்.

வியாழக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சில வாரங்களுக்குச் சக்கர நாற்காலி. படி ஏறக்கூடாது, விழவே கூடாது. விழுந்தால் மறுபடி முதலிலிருந்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முன்வாசலில் படிகள் இருக்கின்றன என்பதை நீங்கள் எழுதுமுன் நானே எழுதிவிடுகிறேன். வாட்ச்மேனும் நானும் நாற்காலியோடு தூக்கிவிடுவோம். டிப்போவில் டயர் தூக்கிய உடம்பு.

ரிமோட்டுக்காகக் கையெழுத்துப் போட உங்கள் வீட்டு வாசலுக்கு வருவதாக இல்லை.

ஐந்தாம் மாடி உரிமையாளர்

*

மூன்றாம் மாடி
மார்ச் 11

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

மகனிடம் எல்லாம் வழக்கம்போல் என்று சொன்னேன். "உங்க குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றான். தூசி என்றேன்.

உங்கள் உடம்பைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. வாட்ச்மேனுக்குக் குடலிறக்கம் இருக்கிறது. உங்களிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்.

மருந்துக் கடையில் ஒரு சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்து நேற்று நானே தள்ளிப் பார்த்தேன். முன்வாசல் படிகளில் வெறும் நாற்காலியையே என்னால் ஏற்ற முடியவில்லை. நான் பலமில்லாதவன், அதை அளவாகக் கொள்ள வேண்டாம். மோட்டார் ரூமுக்குப் பின்னால் உங்கள் இடத்தில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே நாற்காலி போகவே இல்லை. அது பலத்தைப் பொறுத்ததல்ல. லிஃப்டுப் பக்கத்தில்தான் தாராளமாகப் போகிறது. காரிலிருந்து இறக்கினால் நேரே லிஃப்ட்.

வியாழக்கிழமை ஒருநாள் மட்டும் ஷட்டரைத் திறந்து வைக்கலாமா என்று நேற்றுக் கூட்டத்தில் கேட்டேன். நான் கேட்டபோது தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இரண்டாம் முறை கேட்க எழுந்தேன். கூட்டம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் எழுந்தார்கள்.

வாட்ச்மேனிடம் கேட்டேன். "தானா இறங்கிடும் சார். அந்தக் கண்ணை யாராவது மறைச்சாத்தான் இறங்காது" என்றார். கதவோரம் முழங்கால் உயரத்தில் சிவப்பாக ஒன்று மின்னுமே, அதைத்தான் கண் என்கிறார். "மறைச்சா பஸ்ஸர் கத்தும். நாய்கூட ஓடிடும் சார்." கண்ணை மறைத்துக் கதவை நிறுத்தி வைப்பவரின் ரிமோட் ஒரு மாதத்துக்குப் பறிக்கப்படும். அதையும் நான்தான் எழுதினேன்.

ஆகவே வேண்டுகிறேன். நீங்கள் என் வாசலுக்கு வர வேண்டாம். பதிவேட்டை உங்கள் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறேன். கையெழுத்திட்டால் ரிமோட்டை அதே இடத்தில் வைக்கிறேன். இயலாதென்றால் வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்பதையாவது எழுதுங்கள்.

தங்கள்,
சம்பந்தி

*

ஐந்தாம் மாடி
மார்ச் 12

பதிவேட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாங்கள் எத்தனை மணிக்கு வந்தால் உங்களுக்கு என்ன? கேட்டைச் சாத்தி வைக்கவா?

ஐந்தாம் மாடி

*

ஐந்தாம் மாடி
மார்ச் 14

பார்க்கிங் செயலாளர் அவர்களுக்கு,

பொருள்: புகார்.

நேற்று ஆஸ்பத்திரியில் கணக்கு முடித்துக் கிளம்பவே பிற்பகல் ஆகிவிட்டது. நம் தெருவில் திரும்பும்போதே ஒரு சத்தம். ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். கிட்டே வந்து பார்த்தால் பேஸ்மென்ட் ஷட்டர் முழுதாக மேலே நின்றிருந்தது. வாசலின் ஓரத்தில், கண்ணை முழங்காலால் மறைத்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. அருகே மடித்த சக்கர நாற்காலி. தலைக்கு மேல் பஸ்ஸர் கதறிக்கொண்டிருந்தது.

நான் முன்வாசலுக்குத்தான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். "எங்க போறீங்க?" என்றாள் பின்சீட்டிலிருந்து. "அண்ணன் நிக்கிறார் பாருங்க. உள்ள விடுங்க."

விட்டேன்.

மீதியை வாட்ச்மேன் சொல்லிக் கேட்டேன். அந்த நபர் காலையிலேயே வந்து நின்றுவிட்டாராம். நாங்கள் எத்தனை மணிக்கு வருவோம் என்று அவருக்குத் தெரியாதாம். தெரியாததற்கு யார் காரணம் என்பது இந்தப் புகாரில் அடங்காது.

பல் டாக்டர் காரை நிறுத்திக் கத்தியிருக்கிறார். "என்ன சார் இது, காது கிழியுது! நகருங்க!"

"நீங்க எந்த மாடி?"

"என்னையா கேக்கறீங்க? ஏழாம் மாடி சார்! டெய்லி லிஃப்ட்ல பாக்கறீங்களே!"

"சரி, போகலாம்."

அசோசியேஷன் தலைவரையும் விடவில்லையாம். "யோவ், நான் தலைவர்யா!" என்றதற்கு, "எந்த மாடி தலைவர்?" என்றாராம். லிஃப்டில் யாரோ காலை மிதித்தால் தாமே மன்னிப்புக் கேட்கும் ஆள் இப்படிக் கேட்டதில் தலைவர் பதில் சொல்லிவிட்டே உள்ளே போயிருக்கிறார்.

வாட்ச்மேன் இரக்கப்பட்டு, "கண்ணு முன்னாடி ஒரு வாளிய வெச்சுட்டு நீங்க உக்காருங்க சார்" என்றிருக்கிறார். அதற்கு அந்த நபர், "வாளி, வர்றவங்கள எந்த மாடின்னு கேக்காதேப்பா" என்றாராம்.

எங்கள் கார் உள்ளே வந்ததும் அவர் விலகினார். அப்போதும் ஷட்டர் தரையைத் தொடும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். பிறகு லிஃப்டுப் பக்கத்தில் இருந்த மர நாற்காலியை எடுத்தார். நான் காரை நிறுத்தினேன். சக்கர நாற்காலியை விரித்து, பிரேக் போட்டு, அது பிடிக்கிறதா என்று மறுபடி அசைத்துப் பார்த்தார். என் மனைவி கம்பியைப் பிடித்து இறங்கி உட்காரும்வரை லிஃப்டுக் கதவைக் காலால் மறித்து நின்றார். அவரும் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள்தான், "காதுல இருக்கறத எடுங்கண்ணா, நான் தேங்க்ஸ் சொன்னது கேக்கல" என்றாள்.

விதியை வேண்டுமென்றே மீறிக் கதவைத் திறந்து வைத்த மேற்படி நபர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். விதி எல்லாருக்கும் பொது என்று நீங்கள்தானே சொல்வீர்கள்?

ஐந்தாம் மாடி உரிமையாளர்

*

மூன்றாம் மாடி
மார்ச் 15

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் புகாரை விசாரித்தேன். உண்மை. மேற்படி நபர் ஒப்புக்கொண்டார். அவருடைய ரிமோட் ஒரு மாதத்துக்குப் பறிக்கப்பட்டு, நேற்று மாலை தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. "நீரே எழுதி, நீரே மீறி, நீரே பிடுங்கிக்கிட்டா நான் எதுக்குய்யா தலைவர்?" என்று வாங்க மறுத்தார். மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

நான் செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை. பஞ்சைத் திருத்திக்கொள்ளக் குனிந்தபோது ஒருவர் உள்ளே நுழைந்தது போலிருந்தது. பிற்பாடு பேஸ்மென்ட் முழுதும் நடந்து பார்த்தேன். எதுவும் குறையவில்லை. ஆனாலும் நாளைக்கும் ஒருமுறை பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

பல் டாக்டரிடம் இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். முதல் தடவையிலேயே அவருக்குக் கேட்டுவிட்டது.

லிஃப்டுப் பக்கத்தில் உங்கள் கார் இப்போது ஒப்பந்தமில்லாமல் நிற்கிறது. அதை ஒழுங்குபடுத்த வேண்டும். அவசரமில்லை. பதிவேட்டையும் உங்கள் ரிமோட்டையும் வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன். பேனா அதன் உள்ளேயே இருக்கிறது.

என் கார் தெருவில் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு மாதம்தானே.

தங்கள்,
சம்பந்தி

*

ஐந்தாம் மாடி
மார்ச் 16

சம்பந்தி,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் பேனா எழுதவில்லை. வாட்ச்மேனுடையதில் போட்டேன்.

இத்துடன் உறை. பழையது கிழிந்துபோயிற்று என்று அவள் புதிதாக ஒன்று ஒட்டிக் கொடுத்தாள். எனக்குத் திருப்பித் தரும்போது மறக்காமல் ரசீது எழுதுங்கள். தினமும் சாயங்காலம் நீங்கள் வந்து கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்கிறாள். எங்கள் வீட்டுக்குப் பார்வையாளர் நேரம் கிடையாதாம். இதையும் எழுதச் சொன்னாள்.

நேற்றுக் கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரு கார் போயிடுச்சு, இன்னொண்ணு எப்ப சார் போகும்?" என்கிறார். உங்கள் காரைத்தான் சொல்கிறார். ராத்திரி இன்னொரு கண்ணாடியும் போய்விட்டால் அந்தப் பழியும் என் தலையில் விழும்.

நாளை சாயங்காலம் மருந்து வாங்கப் போகிறேன். திரும்பி வரும்போது மரச்சாமான் கடையைத் தாண்டித்தான் வருவேன். நீங்கள் காரில் தயாராக இருங்கள். என் பின்னாலேயே உள்ளே வந்துவிடுங்கள். நான் கதவு இறங்கும்வரை நிற்க மாட்டேன்; நேரே லிஃப்டுப் பக்கம் ஓட்டிப் போய்விடுவேன். யார் வேண்டுமானாலும் புகார் எழுதிக்கொள்ளட்டும்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் உங்கள் தகரம் நிறைந்து வழிந்தது. கொட்டி வைத்திருக்கிறேன்.

சம்பந்தி

*

மூன்றாம் மாடி
மார்ச் 17, காலை

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

ரிமோட் இல்லாதவர் இன்னொருவர் பின்னால் உள்ளே வருவது விதிக்கு முரணானது என்பதை நீங்கள் அறிவீர்கள். செயலாளராகிய நான் அதை உங்களுக்கு நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறேன். நினைவூட்டிவிட்டேன்.

மாலை நான் காரில் தயாராக இருப்பேன். உங்கள் இடது பக்கக் கண்ணாடியை இன்னும் மாட்டவில்லை என்பதால் நான் பின்னால் வருவது உங்களுக்குத் தெரியாமல் போகலாம். ஹாரன் அடிக்க மாட்டேன். ஷட்டர் மேலே போகும்போது விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுகிறேன். நான்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தங்கள்,
சம்பந்தி